கேலி நின்ற மதியம்

மார்ச் 4, செவ்வாய்

மேஸ்திரியின் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. சொன்னவர், அறுவை சிகிச்சை செய்த டாக்டர். உடைத்தவன் என் தம்பி. சொன்னவர்கள், வண்டிப் பட்டறையில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை.

நேற்று இன்சுலின் போட்டுக்கொண்டு, ‘இந்த வண்டியை முடிச்சிட்டு வரேன்’ என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறான். சர்க்கரை இறங்கிவிட்டது. மேஸ்திரி தோளைத் தட்டி, “முழிச்சுக்கிட்டே தூங்குறியாடா?” என்றாராம். கையிலிருந்த வீல் ஸ்பேனரால் ஒரே வீச்சு. அவர் விழுந்த பிறகும் ஓங்கினானாம். குடித்திருக்கிறான் என்று நினைத்து மற்றவர்கள் அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அவனுக்கு விலா எலும்பு மூன்று முறிந்துவிட்டது.

இந்த நோயால் இரண்டு வேலை போனபின் கிடைத்த வேலை. கேஸ் ஆகிவிட்டால் இனி எவன் கொடுப்பான்?

மார்ச் 5, புதன்

அவன் சட்டையை ஊறப்போட்டேன். எது யார் ரத்தம் என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

‘சர்க்கரை மேடத்தோடு’ பட்டறைக்குப் போனேன். பெயர் தம்பி வைத்தது. தீராத நோய் உள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, அதில் நிலைக்கவும் வைப்பது அவர் வேலை. தம்பி சேர்ந்த அன்றே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: வியர்த்தால், நடுங்கினால், கத்தினால் உடனே இனிப்பு கொடுங்கள்.

“இவன் கத்தலையே மேடம்,” என்றார் பெயின்டர். “காலைல இருந்து என் வழுக்கையை ஓட்டிக்கிட்டே இருந்தான். மத்தியானம் கப்சிப். அப்பாடா, இன்னைக்காவது வாயை மூடினானேன்னு நிம்மதியா இருந்தோம்.”

அதுதான் அடையாளம் என்றேன். வீட்டில் அவன் கேலி நின்றால் நான் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடுவேன்.

“இதை யாருமே எனக்குச் சொல்லலையே,” என்றார் மேடம்.

“கேட்டீங்களா? டாக்டரைக் கேட்டீங்க. கூட இருக்கிறவளைக் கேட்டீங்களா?” கத்திவிட்டுப் பக்கத்திலிருந்த பெயின்ட் வாளியை எட்டி உதைத்தேன். சுவரெல்லாம் சிவப்பு. என் வயசுக்கு இது தேவையா?

மார்ச் 15, சனி

போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதி வாங்கக் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். மேஸ்திரி காகிதத்தைத் தள்ளிவிட்டார். தாடையைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்ததும் தன் வாயால்தான் சொல்வாராம். இதைச் சொன்னது அவர் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில். இன்னொன்றும் சொன்னாள்: “உங்க தம்பி கையை எவனாவது முறிச்சாத்தான் என் வயிறு குளிரும்.”



மார்ச் 22, சனி

போய் மன்னிப்புக் கேளுடா என்றேன்.

“யாரோ செஞ்சதுக்கு நான் எப்படிக்கா கேக்கிறது? வாயில வருது. உள்ளேர்ந்து வரல.” பிறகு எழுந்து கையைச் சுவரில் மோதினான். “இந்தக் கைதானே? இதுதானே?” — விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. கட்டிப்பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவன் விரலைக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் இது அவனேதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேடம் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தவன் தம்பி. மேஸ்திரி ஓங்கி ஓர் அறை விட்டார். தம்பி செருப்பு ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தான். நான் நாற்காலியைத் தூக்கிவிட்டேன்.

“இதுக்கா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்?” மேடம் அலறினார்.

மேஸ்திரி, கம்பி கட்டிய பல்லுக்குள்ளேயே, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்: “அன்னைக்கு நடந்தது எனக்கு மறக்கல. உனக்கு ஞாபகமே இல்ல. இது இருக்கும்ல?”

தம்பி உதட்டைத் தொட்டு, விரலில் ரத்தத்தைப் பார்த்தான். “அண்ணே... மன்னிச்சிருங்கண்ணே.” குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு மாதமாக வராதது.

நாற்காலியை இறக்கி அவருக்கே போட்டேன். காபி கொடுத்தேன். ஸ்ட்ரா கேட்டார். கன்னம் குழிய அவர் உறிஞ்சுவதையே தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆறினதும் குடிங்கண்ணே. கைக்குழந்தைக்குச் சூடு ஆகாது.”

மேடம் பைக்குள் கைவிட்டு குளுக்கோஸைத் தேடினார்.

“வேண்டாம்மா,” என்றார் மேஸ்திரி. “வாய் ஓடுதுல்ல. இவனுக்குச் சர்க்கரை சரியாத்தான் இருக்கு.”

வியாழக்கிழமை கம்பி பிரிக்கிறார்கள். வெள்ளி காலை ஸ்டேஷனில் வாக்குமூலம். வேலையைப் பற்றி முதலாளி அதற்குப் பிறகுதான் சொல்வாராம். வாக்குமூலத்தில் என்ன சொல்லப்போகிறார் என்று மேஸ்திரியிடம் நான் கேட்கவில்லை.