காதைத் தொட்ட கை

ஆவணி 12, வெள்ளி

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பினாங்கில் இருக்கும் அப்பாவிடம் போக, அம்மாவின் பாஸ்போர்ட்டில் என்னையும் தம்பியையும் சேர்க்கக் கலெக்டர் கச்சேரிக்குப் போனோம். குமாஸ்தா என் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்.

“பதினாறு முடிஞ்சிருச்சேம்மா. அதுக்குள்ள இருந்தாத்தான் தாயோட சேர்க்கலாம். இவளுக்குத் தனியா எடுக்கணும், தகப்பன் சம்மதமும் வேணும்.”

“நெசத்துல பதினஞ்சுதாங்கய்யா. நாலரை வயசுலயே தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொட்டுட்டா. வாத்தியார் ஆறுன்னு எழுதிச் சேத்துக்கிட்டாரு.”

“கை நீளம்னு நான் எழுத முடியுமா? சான்றிதழ்ல உள்ளதுதான்.”

கப்பல் அடுத்த வாரம். அப்பாவின் சம்மதம் தபாலில் வர மாதமாகிவிடும்.

“நீ மாமா வீட்ல இருந்து படி. பின்னால வந்துரலாம்” என்றாள் அம்மா. யாருடன் என்று நான் கேட்கவில்லை.

நான் காதைத் தொட்ட கதையை அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். திரும்பும் வழியில் சிம்மக்கல் வரும்போது, தம்பி விளையாட்டாகத் தலைக்கு மேல் கையை வளைத்தான். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வீடு வரும்வரை விடவில்லை.

தினமும் “போதும், படு” என்பவள், இப்போது ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டில் இந்த வரி கோணலாகத்தான் வரும்.