வளைவில் அணைந்த என்ஜின்

ஜூலை 3, புதன்

சின்னுசாமி அண்ணனின் டர்போ காரிலிருந்து, என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான கம்பெனி ஈசியுவைக் கழற்றியாயிற்று. வெளியே வாங்கிய புது ஈசியுவுக்கு வயரிங் முழுக்க நான். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று அதற்குள் கணக்கு ஏற்றுவது இளங்கோ. காளப்பநாயக்கன்பட்டியில் ஒர்க்‌ஷாப் போட்ட ஆறு வருடமாக இருவருக்கும் இதுதான் பங்கு.

ஜூலை 6

ஸ்டார்ட் ஆகிவிட்டது. சேந்தமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தோம். குறையில்லை. ஆனால் மலை ஏற்றிப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு அவசரம், கொடுத்துவிட்டோம்.

ஜூலை 9



அண்ணன், தன் மகளை உட்காரவைத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலை ஏறியிருக்கிறார். நாற்பத்தோராவது வளைவில், செகண்ட் கியரில் அழுத்தி மிதித்தபோது என்ஜின் அணைந்துவிட்டது. கார் பின்னால் உருண்டது. பின்னால் வந்த பஸ் ஒரு முழத்தில் நின்றதாம். யாருக்கும் ஒன்றுமில்லை.

"யாரு தப்புங்க இது?" என்று ஒர்க்‌ஷாப்பில் நின்று அண்ணன் கேட்டார்.

"இளங்கோ ஏத்துன கணக்குலதான் கோளாறுங்க. வயரிங் நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றேன். அவ்வளவு சுருக்காக என் வாயில் எப்படி வந்தது?

"ஈசியு பதிஞ்சு வெச்ச லாக் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லலாமுங்க" என்றார் இளங்கோ. நான் திரும்பவும் அதையே சொன்னேன். லேப்டாப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 10

இளங்கோ போன் எடுக்கவில்லை. மூன்று தடவை.

ஜூலை 12

நானே காரை மலைக்கு எடுத்துப் போனேன், கடையிலிருந்த பழைய லேப்டாப்பில் லாக் ஓடவிட்டு. அதே மாதிரி அணைந்தது. லாக்கில் பார்த்தால் — கார் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ஜின் சுற்று மட்டும் சட்டென்று பூஜ்யம். கணக்குத் தப்பினால் இப்படி வராது. சென்சாரிலிருந்து வரவேண்டிய சிக்னலே வரவில்லை.

பானெட்டைத் திறந்தேன். முழு இழுவையில் என்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது. சுற்றை அளக்கும் கிராங்க் சென்சாரின் வயரை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இறுக்கமாக வெட்டியிருக்கிறேன். சாயும்போது அது பிளக்கை இழுக்கிறது.

என் கை வேலை.

ஒரு சாண் கூடுதலாக விட்டு மாற்றினேன். எழுபது வளைவும் ஏறியது.

ஜூலை 13

அண்ணன் காரை எடுத்துப் போனார். "அந்தாளு போனதும் வண்டி சரியாயிடுச்சு பாத்தியா அம்மிணி. தோட்டத்து ஜீப்பு ரெண்டையும் உங்கிட்டயே விடறேன்."

நான் வாயே தொறக்கலை. ஏன்? சொன்னா என்ன ஆயிடும்? பஸ்ஸு இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா — அந்தப் புள்ள —

ஜூலை 15

பஸ் ஏறி, மலைமேல் தேவனூரில் இருக்கும் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். மிளகுக் கொடிக்கு நடுவில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எம்புள்ளைய வெச்சுட்டு ஏறுன வண்டி அது" என்றார் அண்ணன். தன் போனில் இளங்கோவைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.

"தப்பு என்னுதுங்க. கிராங்க் வயரக் குட்டையா வெட்டிட்டேன்."

"எனக்கு அன்னிக்கே சந்தேகந்தானுங்க. பேச உட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜீப்புகள் வரவில்லை. நாமக்கல்லிலிருந்து வேறொரு டர்போ கார் வந்திருக்கிறது. வயரிங் முடித்துவிட்டு இளங்கோவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து மணிக்கு வந்தார். லேப்டாப் பையைத் திறக்கவில்லை.

"டார்ச்சப் புடிங்க" என்றார். பானெட்டுக்குள் குனிந்து, என் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.