சலித்து அனுப்பிய மண்

ஜூன் 9

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான்! இனி யாரும் என்னைக் கைநாட்டு என்று சொல்ல முடியாது. மாலை வகுப்பு வாத்தியார் இதில் கை வைக்கவே இல்லை. இவ்வளவு எழுதுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

உங்கள் விவசாயப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கக் கிணற்றடி நிலத்து மண் கேட்டாயே, ஒரு பை அனுப்பியிருக்கிறேன். நீ சரி என்றதும் எலுமிச்சை நட்டுவிடலாம். படிப்பு முடிந்து வந்து தோட்டத்தை நீ பார்த்துக்கொள். நான் கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படிப்பேன்.

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தை விடுதி முழுக்கக் காட்டிவிட்டேன். பெருமையில் அழுகையே வந்தது.

ஆனால் அந்த மண்? பேராசிரியை பையைப் பிரித்துவிட்டு, "இது நெலத்து மண்ணா, பூந்தொட்டி மண்ணா? உங்கப்பா என்னம்மா பண்ணினார்?" என்று சிரித்தார். உண்மையைச் சொல்லுங்கள், என்ன கலந்தீர்கள்?

உங்கள் மகள்

ஜூலை 1

அம்மாடி,

கல் பொறுக்கி, சலித்து, மக்கிய சாணம் கொஞ்சம் கலந்தேன். உன் அம்மா இருந்தவரை உன்னை முகம் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதுண்டா? நம் மண் மட்டும் படித்தவர்கள் முன்னால் அழுக்காகப் போய் நிற்கலாமா? கோபிக்காதே. இப்போது முழங்கால் ஆழம் தோண்டி, உள்ளது உள்ளபடி அனுப்புகிறேன்.

அப்பா

ஜூலை 18

அப்பா,

திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டேன். மண்ணில் உப்பு ஏறிவிட்டது. எலுமிச்சை துளிர்க்கும், பிறகு இலை கருகிச் செத்துவிடும். வடிகால் வெட்டி, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, அதை மடக்கி உழுது, வருஷக்கணக்கில் பாடுபட்டால் ஓரளவு தேறலாம்.

இங்கே எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள்?

உங்கள் மகள்

ஆகஸ்ட் 2

மகளே,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேறு யாராவது படித்துக் காட்டியிருந்தால், அவர் முன்னால் "சரி, பரவாயில்ல" என்றிருப்பேன். தனியாகப் படித்ததால் உட்கார்ந்து அழ முடிந்தது.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்ன பெரியவரே, பொண்ணு படிச்சுக் கிழிச்சது இதுக்குத்தானா?" என்று குத்தினார். "ஆமாய்யா, சாகப்போற கன்னுகளை நடாம இருக்கறதுக்குத்தான்" என்றேன்.

நீ வராதே. அந்த நிலத்துக்கு என் ஆயுசைக் கொடுத்தேன். அது நான் விரும்பிக் கொடுத்தது. உன்னுடையதையும் சேர்த்துக் கொடுக்க மாட்டேன். கிடைத்த இடத்தை விடாதே.

தக்கைப்பூண்டை நான் விதைக்கிறேன். எப்போது விதைக்க வேண்டும், எப்போது மடக்கி உழ வேண்டும் என்று எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. நானே படிக்க வேண்டும்.

உன் அப்பா