வாலு இருந்த அறை

மார்ச் 3, ஞாயிறு

தங்கை வாலுவின் கட்டிலை இன்று பிரித்துவிட்டேன். எட்டுத் திருகாணிகள். ஏழு ஒழுங்காக வந்தன, எட்டாவது மட்டும் துருவேறி அடம்பிடித்தது. கீழ்வீட்டு டிரைவர்தான் வந்து கழற்றிக் கொடுத்தார். பலகைகளையும் அவரே தூக்கிக்கொண்டு போனார், அவர் மகளுக்கு ஆகுமாம்.

"தங்கச்சி வந்தா எங்க படுப்பாங்கம்மா?" என்று படியில் நின்று கேட்டார்.

"பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் கல்யாணமாகிப் போய் ஆறு மாதம் ஆகிறது. பதினோரு வருடம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி திடீரென்று "அக்கா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்று வந்து நின்றால் நாற்பத்துநாலு வயதுக்காரி என்ன செய்வாள்? சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை. பெட்டியைக்கூட நான்தான் அடுக்கிக் கொடுத்தேன்.

ஹாலில் இருக்கும் டிவியையும் கேம் கன்சோலையும் இந்த அறைக்கு மாற்றப் போகிறேன். முன்பெல்லாம் வேலைவிட்டு வந்ததும் ஒரு பந்தயம் ஓட்டுவோம், தோற்றவள் சமைக்க வேண்டும். இப்போது யார் தோற்றாலும் நான்தான் சமைக்கிறேன்.

மார்ச் 9, சனி

சுவருக்குக் கருநீலம். பெயிண்டர் வேண்டாம் என்று நானே அடித்தேன். மூன்று நாள் விடுப்பு. நான் பல்செட் செய்யும் கிளினிக் லேபில் டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு முழு பல்செட், ஒரு பாதி செட் காத்துக்கொண்டிருக்கின்றன. காத்திருக்கட்டும். பல் இல்லாதவர்கள் பொறுமைசாலிகள்.

ஒரு மூலையில் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. நாளை இன்னொரு கோட்.

மார்ச் 17, ஞாயிறு

நாற்காலிகள் வந்தன. இரண்டு. கடைக்காரர் ஒன்று போதுமா என்று கேட்டபோது வாய் தானாக "ரெண்டு" என்றது. தலையணை வைத்த, பின்னுக்குச் சாயும் வகை. சாய்ந்து பார்த்தேன். டிவிக்குப் பின்னால் ஒட்டிய விளக்குப் பட்டை ஒரு முனையில் உரிந்து தொங்குகிறது. ஒட்டினால் உரிகிறது, உரிந்தால் ஒட்டுகிறேன். நல்ல பொழுதுபோக்கு.

வயர்களை எல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி மறைத்தாயிற்று. வாலு இருந்தபோது வயர் தடுக்கி விழாத நாளே கிடையாது.

மார்ச் 24, ஞாயிறு

வாலு பேசினாள். பத்து நிமிடம்.

"இங்க வந்துட்டுப் போயேன்கா. மூணு மணி நேர ஃபிளைட்தான்."

"லேப்ல ஆள் இல்லடி."

சுவர் நிறத்தைப் பற்றிச் சொன்னேன். கருநீலத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று சொன்னேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால் குக்கர் சத்தம். "சரிக்கா, வைக்கட்டா?" என்றாள்.

விடுப்புதான் பெயிண்டுக்குப் போய்விட்டதே. உண்மையில் ஆள் இல்லைதான்.

ஏப்ரல் 6, சனி

லேபில் எல்லோரும் போனபிறகு கன்ட்ரோலர் வைக்க இரண்டு தாங்கிகள் செய்தேன். பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிசினில்தான். மெழுகில் அச்செடுத்து, பிசின் ஊற்றி, வேகவைத்து, மெருகேற்றி. ஏந்திய உள்ளங்கைகள் மாதிரி வந்திருக்கின்றன. இருபது வருடத்தில் யாருடைய வாய்க்கும் இல்லாமல் ஒரு பொருள் செய்தது இதுதான் முதல் முறை.

ஏப்ரல் 7, ஞாயிறு

அறையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். வீட்டில் கேம் ஆடுகிறவர்கள் அவரவர் அறையைக் காட்டிப் பெருமையடிக்கிற குழு. நான் இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் மற்றவர்கள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இது நான் விளையாடும் அறை" என்று எழுதினேன். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு கன்ட்ரோலர், கீழே "நான்" என்று ஒற்றையாக. அழித்தேன். "நானும் தங்கச்சியும் விளையாடும் அறை. தோத்தவங்கதான் சமைக்கணும்!" என்று போட்டேன்.

பொய்யா? ஏழு மாதத்துக்கு முன்னால் இது உண்மை. பழைய உண்மை.

ஏப்ரல் 8, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறது!

ஏப்ரல் 11, வியாழன்

எல்லோருக்கும் அந்தத் தாங்கிமேல்தான் கண். "அந்த ரோஸ் கலர் ஸ்டாண்டு எந்தக் கடையில வாங்கினீங்க?" ஈறு என்று எப்படிச் சொல்வது. "தங்கச்சி செஞ்சா" என்று எழுதிவிட்டேன். ஏன் அப்படி எழுதினேன்? என் கைவேலையை நானே தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"உங்க தங்கச்சி சூப்பர்" என்று பதினாறு பேர்.

ஏப்ரல் 20, சனி

தினமும் கேட்கிறார்கள், நேற்று யார் ஜெயித்தது என்று. நானும் பதில் எழுதுகிறேன். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். அவளை அதிகம் ஜெயிக்க விடுகிறேன், முன்பும் அப்படித்தான். இரண்டு நாள் எழுதாமல் விட்டதற்கு "என்னாச்சு?" என்று ஐந்தாறு பேர் விசாரித்துவிட்டார்கள். "தங்கச்சிக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்துத் தூங்க வச்சிருக்கேன்" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மனசு நிறைந்துவிட்டது, அசடு மாதிரி.

உண்மையில் தனியாக விளையாடவே பிடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

மே 4, சனி

வம்பு வந்தது.

குழுவை நடத்துபவர் இதே நகரம்தானாம். எல்லோரும் அவரை அட்மின் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் கணக்கு வாத்தியார். மாதம் ஒரு வீட்டுக்குப் போய் வீடியோ எடுத்துப் போடுவார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஆடுறதை எடுக்கணும்மா. பத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

தங்கை ஊரில் இல்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான் எழுத வேண்டியது.

"தாராளமா வாங்க" என்று எழுதியிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது.

மே 13, திங்கள்

கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், வாய் ஓயாது.

முழுதும் கேட்டுவிட்டு, "நான் உங்களுக்குத் தங்கச்சியா நடிக்கணும், அவ்வளவுதானே மேடம்?" என்றாள்.

"அந்த மேடம் மட்டும் வேண்டாம். அக்கான்னு சொல்லு."

"சரிங்க மேடம்."

மே 19, ஞாயிறு

முடிந்தது. எழுதிவிட்டால்தான் உறக்கம் வரும்.

அவள் கிளினிக் சீருடையிலேயே வந்து நின்றாள். காலையில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அலமாரியில் வாலு விட்டுப்போன பச்சைச் சட்டை ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. கொடுத்தேன்.

அட்மின் ஒல்லியான மனிதர். செருப்பை வாசலில் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அறைக் கதவைத் திறந்ததும் "அடேயப்பா!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் செய்தேனோ? சுவரைத் தொட்டுப் பார்த்தார், வயர் கட்டியதைக் குனிந்து பார்த்தார், தாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மனிதர் இந்த அறைக்குள் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆடச் சொன்னார். கார்ப் பந்தயம். முன்மேசைக்காரி முதல் வளைவிலேயே சுவரில் மோதினாள். இரண்டாம் வளைவில் திரும்பி எதிர்த்திசையில் ஓட்ட ஆரம்பித்தாள்.

"இவங்கதான் தினமும் ஜெயிக்கிறவங்களா?" என்றார் அட்மின்.

"இன்னிக்கு அவளுக்கு மனசு சரியில்ல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவள் நாற்காலியில் துள்ளி, "மேடம்! மேடம்! பின்னாடி லாரி வருது மேடம்!" என்று கத்தினாள்.

அட்மின் கேமராவைத் தாழ்த்தினார். திரையில் மட்டும் லாரி.

"வீட்லயும் மேடமா?" என்றார்.

"செல்லமா... செல்லமா அப்படித்தான் கூப்பிடுவேன்" என்றாள் அவள். முகம் பச்சைச் சட்டைக்கு மேலே சிவந்துவிட்டது.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மே 20, திங்கள்

முன்மேசைக்காரி சட்டையைத் துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வாலுவின் வாசனை போய் வேறு சோப்பு வாசனை.

மே 26, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. ஏழு நிமிடம். அந்த "மேடம்" இல்லை. லாரியும் இல்லை. அவர் வெட்டிவிட்டிருக்கிறார். அப்படியென்றால் அவருக்குத் தெரியும்.

ஆயிரத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் ஒருமுறைதான் பார்த்தேன்.

ஜூன் 1, சனி

வாலு பேசினாள். காலை பதினொரு மணி. கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வீடியோ பாத்தேன்கா."

"எந்த வீடியோ?" - வெட்கமில்லாமல் கேட்டேன்.

"சித்தி பொண்ணு அனுப்புனா. உங்க வீடு மாதிரி இருக்கு, உங்கக்கா இருக்கா, பக்கத்துல யாருன்னு தெரியலன்னு. யாருக்கா அது? என் சட்டையப் போட்டுக்கிட்டு?"

சொன்னேன். எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். லாரியை எல்லாம் சிரிக்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"கமென்டெல்லாம் உக்காந்து படிச்சேன். செவ்வாக்கிழமை நான் ஜெயிச்சேனாம். புதன்கிழமை நான் சமைச்சேனாம். எனக்குக் காய்ச்சலாம், நீ மாத்திரை குடுத்துத் தூங்க வச்சியாம்."

"அது சும்மாடி..."

"ஏப்ரல்ல எனக்கு நிஜமாவே காய்ச்சல்கா. அஞ்சு நாள். அவருக்கு ஷிஃப்ட்டு. எழுந்து தண்ணி எடுக்க முடியாம படுத்துக் கிடந்தேன். உனக்குத் தெரியுமா?"

"நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கலையே. போன எடுத்தா அந்த லைட்டு, இந்த வயரு. நான் எப்ப வான்னு கூப்பிட்டாலும் லேப்ல ஆள் இல்ல. நான் அங்க இல்லக்கா. இங்க இருக்கேன். இங்க எப்படி இருக்கேன்னு நீ ஒரு தடவை வந்து பாத்தியா?"

வைத்துவிட்டாள்.

என்னத்த சொல்றது. என்னத்த சொல்றது நான். நீதானடி விட்டுட்டுப் போன - இப்படித்தான் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. நல்லவேளை சொல்லல. ஆனா அதைத்தான இத்தனை மாசமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்? அவ போனா, நான் நின்னுட்டேன், அதனால அவதான் வரணும், அவதான் கேக்கணும்னு. அஞ்சு நாள் காய்ச்சல். நான் இங்க உக்காந்து ஊரார் சொன்ன ஆறுதலை வாங்கி வச்சுக்கிட்டேன், அவளுக்கு வர வேண்டியதை.

நறுக்கிய காய் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 8, சனி

குழுவில் எழுதிவிட்டேன். தங்கை கல்யாணமாகிப் போய் ஒன்பது மாதம் ஆகிறது, வீடியோவில் இருப்பது என்னோடு வேலை பார்க்கும் பெண், தினமும் எழுதிய வெற்றி தோல்வி எல்லாம் கற்பனை, தாங்கி நான் செய்தது, அது பல்செட் செய்யும் பிசின். மன்னிக்கவும்.

"ஏமாத்திட்டீங்களே" என்று ஒருவர். "நாங்க என்ன கேனைங்களா?" என்று ஒருவர். "பல்செட்டா, உவ்வே" என்று நாலு பேர். பலர் ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் அதிகம் குத்தியது.

சாயங்காலம் அட்மின் போன் செய்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நாற்காலியப் பாத்தாலே தெரியும். ஒண்ணுல உக்காந்த தடம் இருக்கு, இன்னொண்ணு கடையில இருந்து வந்தபடி இருக்கு."

"அப்புறம் ஏன் சார் வீடியோ போட்டீங்க?"

"எங்க வீட்டு ரூமுக்கும் ரெண்டு நாற்காலிதான். வீட்டுக்காரி ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. போட்டோவுக்குக்கூட" என்றார்.

வீடியோவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

வாலுவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். "உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

இரண்டு மணி நேரம் கழித்து: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சரியாயிடுச்சு."

கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை. பதில் வந்ததே.

ஜூன் 17, திங்கள்

பத்து நாள் விடுப்பு கேட்டேன்.

"மறுபடியும் பெயிண்டா?" என்றார் டாக்டர்.

"தங்கச்சி வீட்டுக்கு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

இருபது வருடமாக இவரிடம் வேலை பார்க்கிறேன்.

வாலுவிடம் தேதியைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் அனுப்பினாள். பிறகு பத்து நிமிடம் கழித்து, "ஸ்வெட்டர் எடுத்துட்டு வா."

ஜூலை 7, ஞாயிறு, வாலு வீடு

வந்து மூன்றாம் நாள். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் குளிக்கிறாள்.

சின்ன வீடு. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம், அதற்கப்பால் ஒரு சுவர். அவள் புருஷன் நல்ல மனிதர், ஆனால் வேலையிலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறார். நாள் முழுக்க இவள் இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலில் எங்கே படுத்திருந்தாய் என்று கேட்டேன். சோபாவைக் காட்டினாள். நான் அந்த சோபாவில்தான் படுக்கிறேன். அதிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை எண்ணிப் பார்த்தேன், பதினாலு எட்டு வைக்க வேண்டும்.

அறையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் படம் எதையும் காட்டவில்லை. முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் யாரோ மாதிரி "சாப்பிடுறியா", "போதும்" என்று பேசிக்கொண்டோம். நேற்று பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் ஓடி முட்டிக்கொண்டோம். "கண்ணு எங்கடி வச்சிருக்க?" என்றேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். நெற்றிக்காக இல்லை என்று தெரியும். பாலைத் துடைத்தேன். அப்புறம் அவளே பேசினாள், இருட்டும் வரை. இங்கே அவளுக்கு மனம்விட்டுப் பேச யாருமில்லை. எனக்காவது ஒரு முன்மேசைக்காரி இருக்கிறாள்.

இன்று காலை கடைக்குப் போய்த் திரும்பும்போது படியில் மேல்வீட்டு அம்மாள் எதிரே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். பத்து மாதத்தில் வாலு பழகிய ஒரே ஆள்.

"யாரும்மா இது?"

"எங்க அக்கா. பல்செட் செய்யுறா. ஊர்ல தனியா இருக்கா."

யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இவள் சொன்னபோது அப்படி ஒன்றும் இல்லை. தனியாகத்தான் இருக்கிறேன்.

"எத்தனை நாள் இருப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை போறா" என்றாள் வாலு. பையில் சாவியைத் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவை ஒரு மாசம் இருப்பா" என்றாள்.

நான் லேபைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காய்கறிப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.