திருவேங்கடம் நினைவு ஃபெலோஷிப்

வேங்கடம்,

பக்கவாதம் வந்து நீ கார்வேட்டிநகரத்துல படுத்துக்கினு மூணு வருஷம் ஆச்சு. எட்டிக்கூடப் பாக்கலன்னு என்னைத் திட்டிக்கினு இருப்ப. திட்டிக்கோ. நாம ரெண்டு பேரும் திருப்பதியில ஆரம்பிச்ச டிரஸ்ட்ட இப்ப நான் ஒருத்தன்தானே இழுத்துக்கினு போறேன்.

ஏழைங்க கேஸ் நடத்த வர்ற புது வக்கீலுங்களுக்கு இந்த வருஷம் ஒரு ஃபெலோஷிப் குடுக்கறோம். உன் பேர்லதான். பத்திரிகையில 'நினைவு'ன்னு போட்டிருக்கும், பதறாதே.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ்ல எல்லா போட்டோவுக்கும் மாலை போட்டோம் இல்ல, உன்னுதுக்கும் போட்டோம். மறுநாள் நன்கொடை விஷயமா சென்னையில இருந்து வந்த பெரியவரு அதைப் பாத்துட்டு, "அடடா, எப்ப தவறினாரு?"ன்னு கேட்டாரு. நான் வாயே திறக்கல, தலையைக் குனிஞ்சிக்கினேன். அவரு கண்ணைத் தொடைச்சிக்கினு அங்கயே சரின்னுட்டாரு. நீ உயிரோட அலைஞ்சி கேட்டப்ப ஒருத்தனும் குடுக்கல, பாத்தியா?

ஞாயித்துக்கிழமை விழா. நீ வராதே. மேடையில உன் சம்சாரத்துக்குச் சால்வை போடணும்னு பெரியவரு ஆசைப்படறாரு, ஜெயம்மாவ மட்டும் அனுப்பு.

அன்னிக்கு ஒரு நாள் பொட்டு வெச்சிக்க வேணாம். நான் சொன்னா நல்லா இருக்காது, நீயே சொல்லிடு.

உன் பேரைக் காப்பாத்திக்கினு இருக்கற,
நண்பன்