நடுவில் போகாத பந்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, என் மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி. உன் இருமல் நின்றதா என்று எழுது.

இனிமேல் உன் வாலிபால் ஆராய்ச்சியை என் தலையில் கட்டாதே. அம்மா பயிற்சி கொடுக்கும் பள்ளிப் பெண்களின் ஆட்டத்தையெல்லாம் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் படம் பிடித்து அனுப்பினேன். நீ பார்த்துவிட்டு, பந்து எப்போதும் இடது ஓரத்துக்கே போகிறது, எதிரணிகள் அதைத் தடுக்கப் பழகிவிட்டன, நடுவில் நிற்கும் நெட்டைக்கு வேகமாகக் கொடுத்தால்தான் பாயிண்ட் விழுகிறது, அம்மாவிடம் சொல்லுங்கள் என்று எழுதினாய். சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், "அவனுக்குப் பந்து போற இடம் மட்டும்தான் தெரியுது. நெட்டையும் பந்து தூக்கிக் குடுக்கற செட்டரும் சண்டை போட்டுட்டு மூஞ்சியே பாக்கறதில்ல. எப்படிக் குடுப்பா?" என்றாள். இதை உன்னிடம் சொன்னால் நீ புதிதாக ஒரு வரைபடம் அனுப்புகிறாய். அதை அவளிடம் காட்டினால் என் சாப்பாடு ஆறிப்போகிறது.

போன ஞாயிறு அரையிறுதி. தோற்றால் வேறு பயிற்சியாளரைப் போடப்போவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள், உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டியிருந்தாள். கடைசி செட்டில் ஓரத்துக்குப் போன பந்தெல்லாம் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்று, "நடுவுல குடும்மா, நெட்டைக்குக் குடு" என்று கத்திவிட்டேன். நடுவர் என்னை வெளியே அனுப்பினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன், விசிலும் கூச்சலும்தான் கேட்டன. ஜெயித்த செய்தியை நெட்டைதான் ஓடிவந்து சொன்னாள். நான் கத்தியது எதிரணிக்கும் கேட்டு, இரண்டு பேர் அவளையே மறித்துக்கொண்டு நின்றார்களாம். செட்டர் அவள் காதில், "நீ சும்மா குதி, நான் ஓரத்துல போடறேன்" என்றாளாம். இவள் பந்து வருகிற மாதிரியே ஒவ்வொரு முறையும் எகிற, ஓரத்தில் தடுக்க ஆளே இல்லையாம். "எனக்கு ஒரு பந்துகூட வரல அங்கிள், ஆனா அவ பேசிட்டா" என்றாள். 

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே அம்மா, "நெட்டை குதிச்சதெல்லாம் உங்க பிள்ளையோட கணக்குல எங்க வரும்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். பதிலை அவளுக்கே எழுது, உங்கள் இருவருக்கும் நடுவில் என்னால் ஓட முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை அம்மாவின் பிறந்தநாள், மறந்துவிடாதே, அன்றைக்காவது வரைபடம் அனுப்பாதே.

இறுதியாட்டத்துக்கு உள்ளே விடமாட்டார்களோ என்ற கவலையுடன்,
உன் அப்பா