பூஜ்யம் காட்டிய வீடு

டோருன்,
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

மதிப்புக்குரிய சிப்ரியான் அவர்களுக்கு,

உங்கள் கீழ்வீட்டு லியோகாடியா எழுதுவது. மகள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, இருமல் விட்டதா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். நேற்று ஒரு இளம் தம்பதி அளவு நாடாவும் கையுமாக உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விற்கப் போகிறீர்களாம். இத்தனை வருடம் உங்களுக்குக் கீழே குடியிருக்கிறவள் இதைப் படிக்கட்டில் நின்று அடுத்தவர் வாயால் கேட்க வேண்டுமா?

விற்காதீர்கள். இந்தக் கடிதத்தின் சாரமே அதுதான். மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாழாய்ப் போன கூட்டம். போன வருடக் கணக்கை முடிக்கிறோம் என்று குடியிருப்புச் சங்கத்து மேலாளர் எல்லோரையும் பள்ளிக்கூட ஹாலில் கூட்டிவைத்து, ஒவ்வொரு வீட்டிலும் அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரின் மீட்டர் என்ன காட்டியது என்று உரக்கப் படித்தார். உங்கள் வீட்டில் சமையலறை பூஜ்யம், பெரிய அறை பூஜ்யம், படுக்கையறை பூஜ்யம். அடுத்து என் வீடு; கட்டடத்திலேயே அதிகம். கடைசி மாடியிலிருக்கும் மாஜேனா உடனே எழுந்து, "நாம எல்லாரும் எரிக்கிறோம், இவரு ஜம்முனு உக்காந்து குளிர்காயறாரு! சுவர் வழியா வர்ற சூட்டைத் திருடுறதுக்கும் சட்டைப்பையில கைவிடுறதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கத்தினாள். நீங்கள், "நான் யாரு வீட்டுச் சூட்டையும் எடுக்கல. எனக்குக் குளிராது. என் உடம்பு வாகு அப்படி" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் நீங்கள் ஏறிய டிராம் கிளம்பிவிட்டது. அந்த வாரமே ஷ்செச்சினிலுள்ள மகள் வீட்டுக்குப் பயணம்.

உங்களுக்குக் குளிராது என்பது பச்சைப் பொய். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் மனைவி ஹொனராத்தா தவறிய பின் வந்த முதல் குளிர்காலத்தில், என் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தீர்களே, நினைவிருக்கிறதா? கோட்டைக் கழற்றச் சொன்னேன். "இல்லம்மா, இப்பவே கிளம்பிடுவேன்" என்றீர்கள். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். தேநீரைக் குடிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அன்று மாலை என் தலைக்கு மேல் நீங்கள் சுவருக்குச் சுவர் நடப்பது கேட்டது. எதையோ யோசித்துக்கொண்டு நடக்கிறவரின் நடை இல்லை அது. உடம்பைச் சூடேற்ற நடக்கிறவரின் நடை.

ரேடியேட்டரைத் திறந்துவிடுங்கள் என்று சொன்னால் மீட்டர் ஓடும் என்பீர்கள். சூப் கொண்டுவந்தால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பீர்கள். ஹொனராத்தாவின் வைத்தியச் செலவுக்குப் பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் ஒன்றும் கேட்காமல் என் வீட்டு ரேடியேட்டர் குமிழ்கள் எல்லாவற்றையும் மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினேன். சூடு மேலேதானே போகும்? சில நாளில் நடை நின்றது. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம், பிறகு வானொலியில் கால்பந்து வர்ணனை, யாரோ கோல் போட்டதும் நீங்கள் தரையை உதைத்த உதை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், போங்கள்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான். ஜனவரியில் வீட்டுக்குள் கையில்லாத கவுனில் வியர்த்து வழிந்துகொண்டு திரிவேன். ஜன்னலோரம் வைத்த செடியெல்லாம் வாடிப்போகும். நீங்களோ தபால் பெட்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, "பாத்தீங்களா, இந்த வருஷமும் பூஜ்யம்! மனுஷனுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் இருந்தா போதும்" என்று நெஞ்சை நிமிர்த்துவீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். உங்களை அப்படி நிமிர்ந்து பார்க்கத்தான் அத்தனை வியர்வையும்.

வியாழக்கிழமை மறுபடி கூட்டம் போட்டார்கள். பூஜ்யம் காட்டுகிற வீட்டுக்காரர் பெயரை வாசலில் எழுதி ஒட்டலாமா என்று பேச்சு. நான் எழுந்தேன். "அந்தச் சூட்டை யாரும் திருடல. நான் கொடுத்தேன். தெரிஞ்சேதான் கொடுத்தேன்" என்றேன். மாஜேனாதான் வாயைத் திறந்தாள்: "என்னக்கா, ஒரு ஆளு மேல இவ்வளவு சூடா?" எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். "ஆமாடி, என் வீடு, என் குமிழு, என் இஷ்டம். உனக்கு மேல குடியிருக்கிறது புறாதான். வேணும்னா நீ அதுக்குக் கொடு" என்றேன். மேலாளர் தலையைச் சொறிந்தார். எடுத்ததையும் கொடுத்ததையும் பிரித்துச் சொல்ல அவருடைய மீட்டரால் முடியாதாம்.

பிறகு படிக்கட்டில் மாஜேனா என்னை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவருக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அவள் நாக்குதான் நீளம், மனசு கெட்டதில்லை.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். உங்கள் வீடு பூட்டிக் கிடப்பதால் நான் அனுப்புகிற சூடெல்லாம் யாருக்கும் இல்லாமல் வீணாகிறது. அதைவிட மோசம், மேலே சத்தமில்லை. வானொலி இல்லை, நாற்காலி இல்லை. உங்கள் நடமாட்டம் கேட்காத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். இந்த வயதில் சொல்லாமல் யாருக்காகச் சேர்த்துவைப்பது?

நான் செய்தது உங்களுக்கு அவமானமாகத் தோன்றலாம். கேட்காமல் கொடுத்தேன் என்று கோபமும் வரலாம். வரட்டும். எதுவானாலும் அந்தத் தம்பதிக்குச் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நெஞ்சுச் சளி சீக்கிரம் கரைய வேண்டுமென்று கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு என் அன்பு.

குமிழ்கள் இன்னும் ஐந்தில்தான் இருக்கின்றன. குறைத்துவிடு என்று நீங்கள் சொன்னால் குறைத்துவிடுகிறேன். ஆனால் கடிதத்தில் எழுதினால் கேட்க மாட்டேன், தொலைபேசியில் சொன்னாலும் கேட்க மாட்டேன். என் கதவைத் தட்டி, நேரில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கீழே காத்திருக்கும்
லியோகாடியா